மினோபே வாங்கிய இண்டர்காம்

மினோபே சான் எங்கள் கடைக்கு ஒன்பது சனிக்கிழமை வந்தார். ஹெல்மெட்டில் மாட்டிப் பேசுகிற ஒரு ஜோடி இண்டர்காம் வாங்குவதற்கு ஒன்பது சனிக்கிழமை. ஹமாமட்சுவில் பைக் சாமான் கடை நடத்துகிறவளுக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலாவது வாரத்திலிருந்தே அவர் தலை வாசலில் தெரிந்ததும் எனக்குப் பின்பக்கம் ஏதோ வேலை வந்துவிடும்.

வயது ஐம்பத்தாறு. பியானோ தொழிற்சாலையில் முப்பது வருஷமாகச் சுருதி சேர்க்கிறவர். அந்தக் காதுக்கு எதுவும் பிடிக்காது. மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, என்னைக் கடையின் மறுகோடிக்கு விரட்டிப் பேசச் சொல்வார். ஒன்றில் குரல் சளி பிடித்தது போல் இருக்கிறது என்பார். இன்னொன்றில் மேல் ஸ்தாயி கிழிகிறது என்பார். ஒரு இடத்தில் நிற்கவும் மாட்டார். ஹெல்மெட்டோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து, கையுறை அடுக்கை இரண்டு தடவை இடித்துத் தள்ளியிருக்கிறார்.

"எண்பதுல போறப்ப காத்துதான் காதை அடைக்கும். இவ்ளோ சுத்தமா கேட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றேன் ஒருநாள்.

"அவ மூச்சு விடறது கேக்கணும் கடைக்காரம்மா" என்றார்.

அவள் என்றால் மகள் சிசுரு. பத்தொன்பது வயது. அந்த வசந்தத்தில்தான் பெரிய பைக் ஓட்ட லைசென்ஸ் எடுத்திருந்தாள். எடுப்பதற்குள் அப்பா ஒரு வேலை பார்த்துவிட்டார். ஓட்டுநர் பள்ளிக்குப் போன் போட்டு, பாடம் முடிந்ததற்கான முத்திரையைக் குத்தாமல் கொஞ்ச நாள் இழுத்தடியுங்கள், அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று பயிற்சியாளரிடம் கெஞ்சியிருக்கிறார். அந்த ஆள் அதை அவளிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவிடம் அவளுக்கு "ம்", "இல்ல" இரண்டுதான் வார்த்தை. இதெல்லாம் மினோபேயின் மனைவி ஒருநாள் மழைக்கோட்டு வாங்க வந்தபோது சொன்னது. ஆறு மாதமாக இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டு, சோறே இறங்கவில்லை என்றாள்.

எங்கள் கடை அக்டோபரில் மலைக்கு ஒரு பயணம் வைத்திருந்தது. சிசுரு பெயர் கொடுத்தாள். மறுநாள் அப்பாவும் கொடுத்தார். காதுக்குள் குரல் வந்தால் பேசித்தானே ஆகவேண்டும் என்பது அவருடைய நினைப்பு.

பயணத்துக்கு முந்தின நாள்தான் ஒன்பதாவது சனிக்கிழமை. இரண்டு ரகத்தை எடுத்து வைத்தேன். ஒன்று இரண்டு பேருக்கு மட்டுமானது. சத்தம் அருமை. ஆனால் தொடர்பு அறுந்தால் வண்டியை நிறுத்திச் சேர்க்க வேண்டும். மற்றது பக்கத்தில் இருக்கிற எல்லாரையும் ஒரே கூட்டமாகச் சேர்ப்பது. சத்தம் ஒரு மாற்றுக் குறைவு. இரண்டு மாதம் சுருதிக்குச் சண்டை போட்ட மனுஷன் இரண்டாவதைத்தான் எடுத்தார்.

"அறுந்தாலும் தானா ஒட்டிக்கும்னு சொன்னீங்கல்ல?" என்று மூன்று தடவை கேட்டார்.

இந்தப் பொத்தானை அழுத்தி உங்கள் இருவருக்கும் தனிக் குழு அமைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இதே ரகம் வைத்திருக்கிற எல்லாருக்கும் நீங்கள் பேசுவது கேட்கும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். தலையாட்டினார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை கிளம்பினோம். வழிகாட்ட என் வீட்டுக்காரர் முன்னால். இண்டர்காம் விற்பார், மாட்டமாட்டார், அந்த ரகம். புதிதாக ஓட்டுகிறவள் இரண்டாவது போவதுதான் எங்கள் வழக்கம். அதனால் சிசுரு அடுத்து, அவள் பின்னால் அப்பா. யாரும் விட்டுப்போகாமல் பார்க்கக் கடைசியில் நான், அதே ரக இண்டர்காமோடு. தென்ரியூ ஆற்றைத் தாண்டி பெட்ரோல் போட்டுக் கிளம்பியதும் என் காதில் மினோபேயின் குரல் விழுந்தது.

"சிசுரு, வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை. உள்ள போனப்புறம் பிரேக் பிடிக்காத."

தனிக் குழு அமைக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். வேடிக்கையாக இருந்ததால் கேட்டுக்கொண்டே வந்தேன். மணல் என்றார், லாரி என்றார், தோளைத் தளர்த்து என்றார். மகளிடமிருந்து ஒரு "ம்" கூட இல்லை.

கணவாயில் பனிமூட்டம். எதிரே வருகிற பைக்காரர்கள் வழக்கம்போல வணக்கத்துக்கு இடது கையைத் தூக்கியிருந்தாலும் தெரிந்திருக்காது. முன்னால் போகிற சிவப்பு விளக்கே மங்கல்தான். அங்கே மினோபேயின் குரலே மாறியது.

"போன் பண்ணது தப்புதான்மா. நீ நல்லாத்தான் ஓட்டறே. அன்னிக்கே தெரியும். பயம் எனக்கு. என் பயத்துக்கு உன்னைக் கட்டிப்போடப் பாத்தேன்." அடுத்த வளைவில், "பதில் வேணாம். நீ ரோட்டைப் பாரு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. இனி எந்த வாயால் குறுக்கிட்டுச் சொல்வது?

மேலே ஓய்விடத்தில் முன்பின் தெரியாத மூன்று பைக்காரர்கள் சூடாக ஓதென் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் தாடிக்காரர் ஒருவர் கிண்ணத்தை வைத்துவிட்டு மினோபேயிடம் வந்து குனிந்து வணங்கினார்.

"மன்னிச்சுக்கங்க சார். ஏத்தத்துல நாங்க முன்னாடி வந்துட்டிருந்தோம். நீங்க பேசினது எங்களுக்கும் கேட்டுது. குறுக்க பேச வாய் வரல."

மினோபேயின் முகம் தோஃபு மாதிரி வெளுத்தது. சிசுரு அப்பாவையும் தாடிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பேசினார்? பெட்ரோல் போட்டுக் கிளம்பி அவர் பிரேக்னு ஆரம்பிச்சதுமே நான் ஆஃப் பண்ணிட்டேனே."

அவ்வளவு கூர்மையான காது. எதிர்ப்பக்கம் ஆளே இல்லை என்பது மட்டும் அதற்குக் கேட்கவில்லை. மினோபே வண்டிக்கும் டீ எந்திரத்துக்கும் இடையே நடக்க ஆரம்பித்தார். போனார், வந்தார், காசு போடாமலே பொத்தானை அழுத்தினார்.

சிசுரு என்னிடம் வந்தாள். "அக்கா, உங்களுக்கும் கேட்டுதா?"

"கேட்டுது."

"என்னன்னு சொல்லுங்க."

"அதை நான் சொல்லக்கூடாது" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே முறைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

இறக்கத்தில் முதல் வளைவைக் கடந்ததும் என் காதில் அவள் குரல்.

"அப்பா." மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது. "முதல்லேருந்து சொல்லு. பிரேக் பத்தி மட்டும் வேணாம்."

மினோபே தொண்டையைச் செருமினார். நான் என்னுடையதை அணைத்துவிட்டேன்.