நாற்பது நாற்காலி மாநாடு

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மனிதவள அதிகாரி என்றால் பெரிய பதவி என்று அவளுடைய அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தொழிலாளர்களுக்கு அவள் வெறும் 'லீவு மேடம்'. இருநூறு பேரின் லீவு, சண்டை, சீருடை, கழிப்பறைத் தாழ்ப்பாள் வரை எல்லாம் அவள் தலையில்தான் விடியும்.

அந்த லீவு மேடத்துக்கு இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை. தகவல் சொல்லாமல் மூன்று நாள் வராதவர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். திங்கட்கிழமை கட்டாக வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். அதில் ஒன்று, பசைப் பிரிவில் பதினாறு வருஷம் உழைத்த ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனது. புருஷன் செத்து நாலாம் நாள். அவர் செத்த அன்றைக்கே அக்கா மேற்பார்வையாளருக்குப் போன் செய்திருந்தாள். அந்த மகராசன் மறந்துவிட்டான்.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். மன்னிப்புக் கேட்கப் போன லீவு மேடத்தை மேலாளர் தடுத்தார்.

"கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்குக் கேஸ் போட்டா நீயா வந்து நிப்பே?"

வியாழக்கிழமை மனிதவளத்துறை மாநாடு ஒன்று. போன வருஷம் போனது இரண்டாயிரம் பேர் மாநாடு. மேடையில் பேசியவர் எறும்பளவு தெரிந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு துணிப்பையும் எழுதாத பேனாவும்தான். இது ஒரு நூலக மாடியில், மொத்தமே நாற்பது நாற்காலி. "இதுக்கெல்லாம் நான் எதுக்கு? நீயே போயிட்டு வா" என்று மேலாளர் அவளைத் தள்ளிவிட்டார்.

அங்கே போனால் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. பேச வந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார்.

"சரி விடுங்க. ஆளுக்கு ஒரு தப்பைச் சொல்லுவோம். சொன்னது எதுவும் இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது."

பஸ் டிப்போக்காரர், பதவி உயர்வுக் கடிதத்தை ஆள் மாற்றிக் கொடுத்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். லீவு மேடம் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலி பிஸ்கட் கம்பெனிக்காரி மெல்லச் சொன்னாள்.

"நானும் அனுப்பியிருக்கேன். குறைப்பிரசவமாகி ஆஸ்பத்திரியில கிடந்த பொண்ணுக்கு."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"வக்கீல் சரின்னு சொல்லட்டும்னு காத்திருந்தேன். அதுக்குள்ள அவ வேலையை விட்டுட்டுப் போயிட்டா. இன்னிக்கும் அவ தெரு வழியா நான் போறதில்ல."

இரண்டாயிரம் பேர் கூட்டத்தில் இதை யார் வாய் திறந்து சொல்வார்கள்? அங்கே எல்லாரும் வெற்றியைச் சொல்லத்தானே வருகிறார்கள்!

மறுநாள் காலை அவள் நேராகப் பசைப் பிரிவுக்குப் போனாள்.

"அக்கா, அந்த லெட்டரைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

அக்கா நிமிரவில்லை. "சத்தமாச் சொல்லுங்க மேடம்."

இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் எழுந்து நின்றார். அவள் மறுபடியும் சொன்னாள், பிரிவு முழுக்கக் கேட்கும்படி.

"வீடு நிறைய ஜனம் இருந்தப்ப என் பையன் அதைச் சத்தமாத்தான் படிச்சான்" என்றாள் அக்கா. பிறகு அட்டையை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ராஜினாமாவை அவள் திரும்ப வாங்கவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் லீவு மேடத்தின் அறைக்கு வந்து, பசை காய்ந்த விரல்களால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வரேம்மா. கோவத்தோட போகல."