அரை டிகிரி

வோர்லண்ட் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெர்லின் ஹாகனுக்கு வருஷம் என்பது ஜூலை மட்டும்தான். கல்லாகிப்போன இலைகளை ஆராயும் பேராசிரியை மார்னி தன் மாணவர்களோடு வந்து, ஊருக்கு வெளியே மொட்டை மேட்டில் குழி தோண்டுவது அப்போதுதான். பாறையை வெர்லின் பிளப்பார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய இலை ஒன்று உள்ளே படுத்திருக்கும். கழிப்பறைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். அந்தத் தாளைக் கட்டுக்கட்டாக வாங்கும்போது கடைக்கார டோரிஸ், "வயிறு இன்னும் சரியாகலையா?" என்பாள். மனைவி போனபின் ஊரில் அவரிடம் யாராவது கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

இலை வகைகளில் பல் பல்லாக விளிம்பு உள்ளவை எத்தனை, வழுவழுப்பானவை எத்தனை என்று பார்ப்பாள் மார்னி. வழுவழுப்பு கூடினால், அந்த இலைகள் வளர்ந்த காடு அன்றைக்கு அவ்வளவு சூடு. புது வகை வந்துகொண்டிருக்கும்வரை குழிக்கு உயிர். நின்றுவிட்டால் மூடிவிட்டு வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்த வருஷம் புதிதாக எதுவும் வரவில்லை. வெள்ளியோடு முடித்துக்கொள்ளலாம் என்றாள் மார்னி.

வியாழன் மாலை வெர்லின் தனியாக எதிர்மேட்டில் ஏறினார். மேல் அடுக்கைப் பிளந்ததில் குழியில் இதுவரை வராத, அகலமான, விளிம்பு வழுவழுப்பான இலை ஒன்று கிடைத்தது. மறுநாள் காலை அதைக் குழியில் தன் கற்களுக்கு நடுவே வைத்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்றைக்கு பீர் வெர்லின் செலவு என்றான் ஒருவன்.

மார்னி இலையை லென்ஸில் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். குழியின் கல் சாம்பல் நிறம். இது லேசாகச் சிவந்திருந்தது. பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பினாள்.

"இதைச் சேர்த்தா அந்தக் காடு அரை டிகிரி சூடாயிடும், வெர்லின்."

"இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் சிரிக்கவில்லை. "கூப்பிட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேனே."

"சும்மா கூப்பிட நான் யாரு?"

மார்னி இலையைத் தாளில் சுற்றினாள். பெட்டியில் வைக்காமல் அவர் கையில் கொடுத்தாள். பிள்ளைகளிடம், அது பழைய வகைதான், பூச்சி தின்றதில் விளிம்பு மாறிப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

குழியைத் தானே மூடிக்கொள்வதாகச் சொல்லி வெர்லின் அவர்களை வழியனுப்பினார். ஒரு மதியத்தில் முடிகிற வேலை. ஆகஸ்ட் பாதிவரை தினமும் போய், கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பினார்.