தென்னைக்குப் போன உப்பு

"இன்னொரு புகார் வந்துச்சின்னா நீ கடைப் பக்கமே வராத சவுரி" என்றார் பாண்டுரங்கன். விழுப்புரத்தில் பம்புசெட்டுக் கடை வைத்திருந்தவர். ஃபிட்டர் சவுரிராயன் "சரிங்க" என்று பையை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினான். அறுபத்திரண்டாம் வருஷம், தை மாசம்.

பதினாலு வருஷத்தில் ஒரு சொல் கேட்காதவன், ஒரே மாதத்தில் இரண்டு புகார் வாங்கிவிட்டான். ஒலக்கூரில் வாஷர் போடாமல் மோட்டாரை மூடிவிட்டு வந்தான். கெடாரில் ஸ்பானரைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, போட்டதையே மறந்துவிட்டான். காரணம் கடைக்காரருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். பிரசவத்தில் அவன் பெண்டாட்டி ஜெயம் செத்துப்போனாள், பிள்ளையும் தங்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி. கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேரும் அழ, இவன் மட்டும் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல் மனசு என்றது ஜனம். அடப் பாவிகளா, அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திருகினால் கொட்டுவதற்கு? நாற்பது நாளாக அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. பசித்ததா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லுவான்.

திண்டிவனத்தில் மல்லாட்டை எண்ணெய் மில் வைத்திருந்த சுப்பராயலு வீட்டில்தான் வேலை. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெந்நீர் அண்டாவில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதற்காக மனுஷர் மெட்ராஸிலிருந்து ஒரு மிஷின் வரவழைத்து வைத்திருந்தார். அதை மாட்டிக் கொடுத்ததும், அவ்வப்போது வந்து பார்ப்பதும் சவுரிராயன்தான். ஆளுயர இரும்பு உருளை, உள்ளே ஒரு தினுசு பச்சை மணல். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை மணல் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருதரம் உப்பைக் கரைத்து விட்டால், பிடித்ததைக் கக்கிவிட்டு மறுபடி புதுசாகிவிடும். கக்கியது சாக்கடைக்குப் போகும்.

"ஊரையெல்லாம் கூப்புட்டுக் காட்டுனேன். இப்ப நாறுது எம் பொழப்பு" என்று சுப்பராயலு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மாசம் ஒரு மூட்டை மரக்காணம் உப்பத் தின்னுது, தண்ணி மட்டும் பழைய தண்ணியே வருது. பேஜாரு புடிச்ச மிஷினு!"

சவுரிராயன் பையைத் திறந்தான். ஒரு சீசாவில் தண்ணீர் பிடித்து, சோப்புக் கரைசல் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினான். நுரை நிற்கவில்லை, திரிந்த பால் மாதிரி ஆனது. வால்வைக் கழற்றிப் பார்த்தான், ஒழுகவில்லை. மூடியைத் திறந்து கையை விட்டான். மணல் அளவு குறையவில்லை, சேறும் கட்டவில்லை. கடைசியாக உப்புத் தொட்டியைத் திறந்தான். உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. மாதக்கணக்காக ஒரு கல் உப்பு விழாத தொட்டி. அப்படியானால் மூட்டை எங்கே போகிறது?

கை கழுவக் கொல்லைக்குப் போனவன் பார்த்தான். இரண்டு தென்னை மரத்தைச் சுற்றியும் கல்லுப்பு பூத்துக் கிடந்தது.

"அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்று பின்னாலிருந்து குரல். சுப்பராயலுவின் மனைவி அம்சா. நிறைமாதம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உப்பு லச்சுமி இல்லீங்களா? கீழ சிந்துனாலே அள்ளி வெச்சிக்கினு கண்ணுல ஒத்திக்கிறோம். அத என் கையாலயே சாக்கடையில வுட்டேன். அந்த வருசமே ஏழு மாசத்துல வயித்துலயே எம் புள்ள போயிடுச்சி. இந்தத் தடவ எனக்கு மனசு வரல. மரத்துக்குன்னா உப்பு போடறதுதானேன்னு இங்க கொட்டிட்டேன். தெரிஞ்சா மனுசன் என்னக் கொன்னேபுடுவாரு."

பழைய சவுரிராயனாக இருந்தால் சிரித்திருப்பான். இப்போது சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தென்னை மரத்துக்கும் மிஷினுக்கும் நடுவே எத்தனை அடி என்று காலால் அளந்தான்.

சாக்கடைக்குப் போன பைப்பைக் கழற்றினான். வளைவுக் குழாய் ஒன்றை மாட்டித் திருப்பி, சுவரோரமாகக் கொண்டுபோய்த் தென்னை அடியில் விட்டான். "உப்பு மிஷினுக்குள்ள போய்ட்டு மரத்துக்குத்தாம்மா வரும். சாக்கடைக்கு ஒரு சொட்டு போவாது. நீங்களே போடுங்க."

அம்சா பைப்பின் நுனிவரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் கும்பிட்டுவிட்டுத் தொட்டியில் உப்பைப் போட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி தண்ணீர் பிடித்து, சோப்பு விட்டுச் சீசாவைக் குலுக்கினான். நுரை கழுத்துவரை பொங்கி நின்றது.

"இன்னாதான்யா கோளாறு?" என்றார் சுப்பராயலு. கதவுக்குப் பின்னால் அம்சாவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

"என் தப்புதாங்க. போன தடவ பைப்பக் கழட்டி மாட்டும்போது தப்பான எடத்துல வுட்டுட்டேன்."

தியாகமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. வேலை போனால் போகட்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். சுப்பராயலு தாம்தூம் என்று குதித்தார். பாண்டுரங்கனுக்குக் காட்டமாக ஒரு கடுதாசி எழுதி, அதையும் இவன் கையிலேயே கொடுத்தார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவர் மில்லுக்குக் கிளம்பியதும் அம்சா மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்காவ திட்டு வாங்கிக்கினீங்க. நீங்க நல்லா இருக்கணும்ண்ணே." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "போன தடவ வந்தப்ப வூட்ல மாசமா இருக்காங்கன்னீங்களே, பொறந்துடுச்சா?" என்றாள்.

சவுரிராயன் அவள் முகத்தைப் பார்த்தான். வயிற்றைப் பார்த்தான். நிறைமாதக்காரியிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா?

"பொறந்துடுச்சிம்மா. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"பாத்தீங்களா! யார மாதிரி இருக்கு?"

"அவங்கம்மா மாதிரிதாம்மா" என்றான். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். அம்சா உள்ளே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அவனுக்குக் கால் வரவில்லை. யார் வீட்டுச் சுவரோ தெரியாது, அதைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற ஜனமெல்லாம் நின்று பார்க்க, "ஜெயம், ஜெயம்" என்று வாய்விட்டு அழுதான்.