யோகன் அண்ணையும் நீக்கப்பட்ட வரியும்

யோகன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வடமேற்கு மோட்டார்வேயில் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுதலாம். அது உண்மையாக இருக்காது. மாசி என்ற என் புறநகரிலிருந்து ஆக்லாந்து நகரத்துக்குப் போகும் காலை நெரிசலில், அரை மணி நேரமாக ஒரே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் அழைத்தாள். “அங்கிள், அப்பா போயிட்டார். காலமை, ஹாஸ்பிட்டல்ல.” பின்னால் நின்றவர் ஹார்ன் அடித்தார். இரண்டு கார் தூரம் நகர்ந்தேன்.

உங்களில் பலருக்கு அவரை, தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேச்சாளர்களின் தகவல்களை மெல்லிய குரலில் திருத்துபவராகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் மவுண்ட் வெல்லிங்டனில் பழைய ஜப்பான் கார்கள் விற்கும் யார்டில் அறிமுகமானார். நான் கார் வாங்கப் போனவன். அவர் கார் கழுவுபவர். நான் பார்த்த காரின் கதவை இரண்டு முறை திறந்து மூடினார். “கதவு சரி. மிச்சம் உம்மட தலைவிதி” என்றார்.

கதவைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. அந்தக் காரைச் செய்த ஜப்பானியக் கம்பெனிக்கு இங்கே ஒரு தொழிற்சாலை இருந்தது. பெயர் வேண்டாம், அதன் கார் ஒன்று உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கக்கூடும். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே காராக்கினார்கள். அண்ணை அதில் பதினோரு ஆண்டு இருந்தார். முழுக் காரையே இறக்குமதி செய்வது மலிவு என்றானதும் தொழிற்சாலை மூடப்பட்டது. பத்து மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, அதே கம்பெனியின் பழைய கார்களைக் கழுவச் சேர்ந்தார்.

பிறகு ஒரு நாள், கம்பெனி தன் வரலாற்றை எழுதி, ஆங்கிலப் பதிப்பைப் பழைய ஊழியர்களுக்கும் தபாலில் அனுப்பியது. ஆளை மறந்தாலும் முகவரியை மறக்காத நிர்வாகம். தண்ணீர்ப் பம்பு செய்த ஒரு பட்டறை, மூன்று சக்கர வண்டி செய்து, கார் செய்து, உலகெங்கும் பரவிய கதை. நிறுவனர் சிறு வயதில் காய்ச்சலில் படுத்ததற்கு மூன்று பக்கம். ஆக்லாந்துக்கு ஒரு வரி: தொழிற்சாலை மூடப்பட்டபோது ஊழியர் அனைவரும் மனமகிழ்வுடன் வேறு பணிகளுக்குச் சென்றனர்.

அண்ணை அந்தப் புத்தகத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தார். “நல்ல புத்தகம் தம்பி. நிறுவனர் பாவம், சரியாக் கஷ்டப்பட்டிருக்கிறார். இந்த ஒரு வரியிலதான் பொய் சொல்லிப்போட்டினம்” என்றார். அதைத் திருத்த வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அங்கேதான் நான் வந்தேன்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், கணினித் திரையில் தோன்றும் பிழைச் செய்திகள் எழுதுபவன். உங்கள் பணம் தொலைந்துவிட்டது என்பதை, ஒரு சிறு தாமதம் ஏற்பட்டுள்ளது என்று எழுதச் சம்பளம் வாங்குகிறேன். பிளாக்ஹவுஸ் பேயில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அண்ணை சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். “எழுதும். நீங்கள் போட்டது பொய். கடைசிக் கிழமை, கார் செய்யிற லைனை எங்கட கையாலயே கழட்ட வைச்சனீங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, பெட்டியில அடைச்சு, வேற நாட்டுக்கு அனுப்பினனாங்கள். பிறகு கனபேருக்கு வேலை இல்லை.”

“இப்படிப் போனா பதிலே வராது அண்ணே” என்றேன்.

“எப்பிடிப் போனால் வரும்?”

அந்த வரியில் சிறு துல்லியக் குறைவு இருக்கக்கூடும் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவதாக எழுதி, தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது ஆருக்கு நடந்தது?”

“நமக்குத்தான். அதாவது, உங்களுக்கு.”

“அப்பிடித் தெரியேல்ல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு ஆண்டுகளில் ஐந்து கடிதங்கள். ஐந்துக்கும் எங்களைவிட மரியாதையான பதில்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம் திருத்திய பதிப்பு வந்தது. அண்ணை பக்கத்தைத் திறந்து, என் பக்கம் தள்ளினார். அந்த வரி இல்லை. எங்கும் இல்லை. துல்லியக் குறைவு என்று சொன்னோம், துல்லியமாக நீக்கிவிட்டார்கள். காய்ச்சல் நான்கு பக்கமாகியிருந்தது.

“இப்ப புத்தகத்தில பொய் இல்லை தம்பி” என்றார். “நாங்களும் இல்லை.”

என்னைக் குறை சொல்லவில்லை. தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்தார். “திரும்ப எழுதுவம். இந்த முறை நான் சொல்லுறபடி.”

ஆமா அண்ணே, வேலை கொஞ்சம் குறையட்டும் என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன். வேலை குறையவில்லை என்பது உண்மை. களைத்துப் போயிருந்தேன் என்பதும் உண்மை. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தவரிடம் நான் களைப்பைப் பற்றிப் பேசினேன்.

இறுதிச் சடங்கில் சங்கத் தலைவர் ஆங்கிலத்தில் இரங்கலுரை வாசித்தார். ஜப்பானிய நிறுவனத்தில் உயர் பொறியாளராகப் பணியாற்றி மனநிறைவுடன் ஓய்வுபெற்றவர் என்றார். முந்தின நாளே அந்த உரை என் பார்வைக்கு வந்திருந்தது. காதுக்கு இதமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து பெரிய உருவமுள்ள டோங்கா நாட்டு முதியவர் ஒருவர் எழுந்தார். சியோனே, தொழிற்சாலையில் அண்ணையோடு அதே லைனில் நின்றவர். “மன்னிக்கணும். அவர் பொறியாளர் இல்லை. கதவு. இடப்பக்கக் கதவைப் பொருத்தினது அவர், வலப்பக்கம் நான். ஓய்வும் பெறவில்லை, எங்களை அனுப்பிவிட்டார்கள்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மகள் மட்டும், அன்று முதல் தடவையாக, சிரித்தாள்.

வெளியே சியோனே என்னைத் தேடி வந்தார். “அந்தக் கடிதங்களை எழுதினது நீதானா? யோகன் எனக்குக் காட்டினான்.”

“ஆமாம்.”

“ப்ளீஸ் அதிகம்” என்றார்.

யோகன் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எழுதாமல் விட்ட அந்த ஆறாவது கடிதம்தான். சென்ற வாரம் அதை எழுதினேன், அன்று சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னபடி, அவர் சொன்ன வரிசையில். மகளும் சியோனேயும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த பதிப்பு வரும்போது எனக்கு அண்ணையின் வயதாகியிருக்கும். அதற்கு முன் பதில் வரும். மிகவும் மரியாதையாக வரும். அதற்கும் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும்.