லாரி வரும் பாட்டு

பாப்பாயியின் ரேடியோவுக்குள் பகலில் பேட்டரி இருக்காது. இரண்டும் வாசலுக்கு எதிரே இருக்கும் பாறையில் வெயில் காயும். பொழுது சாயும் நேரத்தில் அவற்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சூடு போதும் என்று பட்டால் முந்தானையில் துடைத்து உள்ளே போட்டு, ரேடியோவைப் பலாமரத்தின் கீழ்க்கிளையில் கிழக்கு பார்த்து மாட்டுவாள். மலைக்குக் கீழே, புளியஞ்சோலையையும் துறையூரையும் தாண்டித் திருச்சி இருக்கிறது. அங்கிருந்து வரும் பொன்னிச் சாரல் எஃப்.எம். அந்த ஒரு கிளையில்தான் தெளிவாகப் பேசும். கொஞ்சம் தள்ளி மாட்டினாலும் ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தம்தான் வரும்.

அந்த ரேடியோவை அவள் பாட்டுக்காக வாங்கவில்லை. கொல்லிமலையில் அவர்கள் ஊரான ஊத்துக்காட்டில், இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்திலும் செல்போன் எடுக்காது. பலாக்காய் வாங்க லாரி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே வெட்டினால் காய் பழுத்துக் குழைந்துவிடும். லாரி வந்த பிறகு வெட்டலாம் என்றால் டிரைவர் நிற்க மாட்டார். செம்மேட்டு வியாபாரி ஒருவர் இப்படியே வருஷக்கணக்காக அவர்களை அலைக்கழித்தார். அவரை விட்டுவிட்டுத் துறையூர் அப்பாஸ் அலியிடம் காய் போடலாம் என்று ஊரைப் பேசிப் பேசிக் கரைத்தவள் பாப்பாயிதான்.

வழியைக் கண்டுபிடித்தவர் அப்பாஸ் அலி. திருச்சியில் புதிதாக வந்திருந்த எஃப்.எம்.மில் சாயங்காலம் நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள். லாரி அனுப்புவதற்கு முதல் நாள் அவரும் போன் செய்து, கொல்லிமலைக்காரர்களுக்கென்று ஒரு பாட்டுக் கேட்பார். பாட்டு வந்தால் விடியற்காலையில் காய் வெட்டிவிட வேண்டும். வேறு யாரும் கேட்டுத் தொலைக்கக் கூடாது என்பதற்காக, ஓடாத ஒரு பழைய படத்திலிருந்து, கடலும் ஓடமுமாக இழுத்து இழுத்துப் பாடுகிற ஒரு பாட்டைத் தேடிப் பிடித்தார்.

"ஏம் பாய், இது ஒப்பாரிங்களா, பாட்டுங்களா?" என்று முதல் தடவை கேட்டாள் பாப்பாயி.

"அதுக்குத்தானேம்மா எடுத்தேன். என்னைத் தவிர இதை எவன் கேப்பான்?"

இரண்டு பலா பருவம் அப்படியே ஓடியது. கேட்டவர் யார் என்று பாட்டு முடிந்த பிறகுதான் சொல்வார்கள்; பாட்டுத் தொடங்கியதுமே பாப்பாயி ரேடியோவை நிறுத்திவிடுவாள். பேட்டரி மிச்சம். பிறகு மேட்டில் ஏறி நின்று கைகளைக் குவித்து, "வெட்டுங்கோவ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலை நம்பி ஊர் முழுக்க அரிவாள் தீட்டும்.

அந்த ஆனி மாதத்துச் சாயங்காலமும் கடல் பாட்டு வந்தது. பாப்பாயி நிறுத்தினாள், ஏறினாள், கூவினாள். விடிவதற்குள் அவள் புருஷன் சென்றாயன் மரத்தில் இருந்தான். காம்பை அறுத்து, கயிற்றில் கட்டி, குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல ஒவ்வொரு காயாக இறக்கினான். ஊரே அப்படித்தான் இறக்கியது. பால் வடிவதற்காகக் காம்பைக் கீழே பார்க்க வைத்து, ரோட்டோரம் குவித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

வெயில் ஏறியும் லாரி வரவில்லை. மத்தியானம் பஸ்தான் வந்தது. குவியலைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"செம்மேட்டுக்காரன் ஏமாத்துனாலும் நேர்ல வந்து ஏமாத்துனான்," என்றார் அர்த்தனாரி. அந்தக் குவியலில் பாதி அவருடையது. "பாப்பாயி பேச்சைக் கேட்டு இப்பப் பாட்டுப் பொட்டிகிட்ட ஏமாந்து நிக்கறோம். இனி ஊட்டுக்கு ஊடு பலாச்சொளையத் தின்னுட்டு வகுத்தப் புடிச்சுட்டு படுத்துக்க வேண்டீதுதான்."

சிலர் சிரித்தார்கள். பாப்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷத்து வரும்படியில் பெரும்பங்கு அந்த ரோட்டோரத்தில் கிடந்தது. அது அழுகினால் இன்னொரு முறை தன் குரலுக்கு ஒருவரும் அரிவாளைத் தொட மாட்டார்கள். பெண்சாதி பேச்சைக் கேட்டதாகச் சென்றாயனும் காலத்துக்கும் தலையைக் குனிந்து நடக்க வேண்டும்.

ஜீப்காரர் ஒருவரின் செல்போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் எடுக்கும் கொண்டை ஊசி வளைவுக்கு நடந்தாள். அர்த்தனாரியும் பின்னாலேயே வந்தார்.

"நான் பாட்டே கேக்கலையேம்மா!" என்று பக்கத்தில் நின்ற அர்த்தனாரிக்கும் கேட்கும்படி போனில் பதறினார் அப்பாஸ் அலி. "லாரி காரைக்காலுக்குப் போயிருக்கு. ரெண்டு வாரமா இங்க மார்க்கெட்டே சரியில்ல. அல்லா மேல ஆணையா நான் கேக்கலம்மா. இரு, மச்சான்கிட்ட மினி லாரி இருக்கு, பேசிப் பாக்குறேன். ஆனா அது பாதிகூட அள்ளாதே..."

"கேட்டீங்களாண்ணா?" என்றாள் பாப்பாயி, போனை மூடிவிட்டு.

"கேட்டேன். அவரு பொய் சொல்றாப்ல தெரீல," என்றார் அர்த்தனாரி. "ஆனா பலாக்கு அது தெரியுமா புள்ள?"

பாப்பாயி வளைவுக்குக் கீழே தெரிந்த சமவெளியைப் பார்த்தாள். அங்கே எத்தனையோ லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். எஃப்.எம். நம்பர் அவளுக்கு மனப்பாடம். விளம்பரத்துக்கு விளம்பரம் அதைத்தானே சொல்கிறார்கள். போட்டாள். பலமுறை போட்ட பிறகு மணி அடித்தது.

"வணக்கம், பொன்னிச் சாரல், நான் உங்க கோகிலவாணி! யார் பேசறீங்க?"

"பாப்பாயிங்க. கொல்லிமலைங்க."

"அய்யோ, கொல்லிமலையா! உங்களுக்கு என்ன பாட்டு வேணும்னு எனக்கே தெரியுமே. அந்தக் கடல் பாட்டுத்தானே?"

"சாமி, கண்ணு, அதை மட்டும் போட்ராதீங்க!" என்று கத்தினாள் பாப்பாயி. "எங்களுக்குப் பாட்டு வேண்டாங்க. லாரி வேணுங்க."

பிறகு மூச்சு விடாமல் சொன்னாள். அந்தப் பாட்டு வந்தால் லாரி வரும் என்று அர்த்தம், நேற்று வந்தது, ஊரே வெட்டிவிட்டது, லாரி இல்லை.

"அம்மா," என்றாள் கோகிலவாணி. குரலில் பழைய குதியாட்டம் இல்லை. "எங்க நிக்குது காய், வழி சொல்லுங்க. வண்டி வெச்சிருக்கற நேயர்களே, கொஞ்சம் கேளுங்க..."

அடுத்த ஒரு மணி நேரம், ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் அவள் ஊத்துக்காட்டுக்கு வழி சொன்னாள். செம்மேட்டில் செங்கல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரிதான் முதலில் வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "லாரி கேட்ட அம்மா யாருங்க?" என்றார். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோன வேன் ஒன்று வந்தது. காய்களை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று வளைவில் நின்று கூப்பிட்டுக் கேட்ட டிரைவர்களுக்குத் துறையூரிலிருந்து அப்பாஸ் அலி போனிலேயே வழிகாட்டினார். இருட்டும் நேரத்தில் மச்சானின் மினி லாரியில் அவரே வந்து இறங்கினார்.

"பாப்பாயி, ரேடியோல உன் கொரலக் கேட்டு எம் பொண்டாட்டி பயந்துட்டா. மலையிலேர்ந்து நேரா ஊட்டுக்குள்ள கத்தறாப்ல இருந்துச்சாம்."

ரோட்டோரத்தில் பிசினும் சருகும் மட்டும் மிஞ்சின. அர்த்தனாரி கையில் எண்ணெய் தேய்த்துப் பாலைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எம்மரத்துல மேக்கால ஒரு கெளை பாக்கி இருக்குது," என்றார். "எப்ப வெட்டறதுன்னு நீயே சொல்லு புள்ள."

அதன் பிறகு கடல் பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. லாரி வரும் நாளைக் கோகிலவாணியே நேராகச் சொன்னாள். மழையில் பஸ் நின்றால் அதையும், செம்மேட்டுச் சந்தை தள்ளிப்போனால் அதையும் சொன்னாள். பாப்பாயியும் பேச்சு முடியும்வரை ரேடியோவை நிறுத்துவதில்லை.

அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டது யார் என்பது மட்டும் ஊருக்குள் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. செம்மேட்டு வியாபாரி மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். பாவம், அவர் எஃப்.எம். கேட்டதே இல்லை. உண்மை பின்னால் கோகிலவாணி சொல்லித்தான் தெரிந்தது. யாருமே கேட்கவில்லை. இரண்டு வாரமாகக் கொல்லிமலைக்கென்று அந்தப் பாட்டைக் கேட்டுப் போன் வராததால், மலைக்காரர்கள் உயிராய் நினைக்கிற பாட்டைக் கேட்காமல் ஏங்கிப்போயிருப்பார்களே என்று, அவளே பிரியத்தோடு எடுத்துப் போட்டிருக்கிறாள்.