தண்ணீரில் ஓடவிருந்த கார்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சென்ற மாதம் என் மருமகன் தம் காரின் முன்மூடியைத் திறந்து காட்டினார். மலாக்காவை அடுத்த பத்து பெரெண்டாம் என்னும் ஊர்ப்பக்கத்துப் பட்டறை ஒன்றில் புதிதாகப் பூட்டிய சாடி ஒன்று அங்கே இருந்தது. உள்ளே தகடுகள், தகடுகளைச் சுற்றிப் பொடிப்பொடியாய்க் குமிழிகள், மேலிருந்து ஒரு குழாய் இயந்திரத்தை நோக்கிப் போயிற்று. “பாதி தண்ணியில ஓடுது மாமா. பெட்ரோல் ரொம்ப மிச்சம் லா,” என்றார். நான் குனிந்து முகர்ந்தேன். காரநீரின் வாடை மூக்கில் ஏறியது. நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டேன். வயதானவருக்குத் தலைசுற்றல் என்று அவர் எண்ணிக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜப்பான்காரன் காலத்தில் அது எங்கள் வீட்டு வாடை. கடைகளில் சவர்க்காரம் அற்றுப்போயிருந்தது. என் அக்காள் பாக்கியம் தேங்காய் மட்டையை எரித்த சாம்பலை நீரில் ஊறவைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து காய்ச்சி, துணியிலும் பஞ்சிலுமாக வடித்தெடுப்பாள். அந்தக் காரநீரைத் தேங்காய் எண்ணெயோடு கிண்டினால் சவர்க்காரம். விரலில் பட்டால் முதலில் வழவழக்கும்; பிறகு தோல் உரியும். ஆனால் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டால் கிணற்று நீருக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. எங்கள் தெருவில் பாதிப்பேர் அவள் சவர்க்காரத்தில்தான் குளித்தார்கள். பாதிப்பேர் அதனாலேயே குளிக்காமல் இருந்தார்கள்.

அக்காளின் கணவர் ரெங்கசாமி, என் மச்சான், வாடகைக் கார் ஓட்டியவர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பேட்டரிக் கடையில் வேலை பழகி, பின்பு சிறியதொரு காருக்கு உரிமையாளராகி, நாங்கள் இருந்த காஜா பேராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் கடற்கரைப் பக்கத்துக்கும் இரயிலடிக்கும் ஆட்களை ஏற்றிச் சென்றார். நான் அவரிடம் பழுது பார்க்கும் வேலை கற்று, அவருக்குச் சரிபாதிக் கூட்டாளியாக வளர்ந்திருந்தேன். அதாவது, அவர் காருக்கு மேலே இருப்பார், நான் கீழே இருப்பேன். பெட்ரோல் முழுவதும் பட்டாளத்துக்குப் போனபின் இருவரும் காரின் நிழலில் இருந்தோம்.

அந்நாளில் மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாமில் போட்ட புது இரயில் பாதைக்கு ஏற்றினார்கள். இரும்பு போனபின் ஆட்களைத் தேடத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் ஆள் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு, முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒருவரிடம் இருந்தது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கேட்ட தலைகளைக் கொடுக்காவிட்டால் தம் தலை போகும் என்று அறிந்தவர். ஒருநாள் வாசலில் நின்றபடியே மச்சானிடம் விளக்கினார்.

“ஓடுற வண்டி வச்சிருக்கிறவனுக்கு வேலைப் பாஸ் வாங்கித் தரலாம். அரிசி ஏத்தலாம், மருந்து ஏத்தலாம். ஓடாத வண்டிக்காரன் சும்மா இருக்கிறவன்தானே ரெங்கசாமி? சும்மா இருக்கிறவன் சயாமுக்கு.”

சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் திரும்பி வந்ததில்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆகையால் கார் ஓடவேண்டும். கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் புகையில் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அதற்குத் தடித்த இரும்புத் தகடு வேண்டும். தகடு பட்டாளத்துக்குச் சொந்தம். தவிரவும், அத்தனை பளுவை எங்கள் சிறிய கார் இழுக்காது.

மச்சானுக்குப் பேட்டரிக் கடை நினைவு வந்தது. மின்சாரம் ஏற்றும்போது பேட்டரி நீர் கொதிப்பதுபோல் குமிழியிடும். அருகே யாரேனும் பீடி பற்றவைத்தால் ‘டப்’பென்று வெடிக்கும். தீப்பிடிக்கிற காற்று தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தால் என்ன? இயந்திரம் ஓடினால் டைனமோ சுற்றும்; டைனமோ சுற்றினால் பேட்டரி நிரம்பும்; பேட்டரி மறுபடியும் தண்ணீரைப் பிரிக்கும். தரையில் குச்சியால் வட்டம் போட்டுக் காட்டினார். அவ்வட்டத்தில் ஒரு குறையும் எனக்குத் தென்படவில்லை.

மிட்டாய்க் கடையின் கண்ணாடிச் சாடி ஒன்று கிடைத்தது. முதலில் செம்புத் தகடு வைத்தோம். அது பச்சை பூத்து நீரைக் கெடுத்தது. பிறகு பழைய ரம்பத்தின் தகடுகளை வெட்டி, இடையில் ரப்பர்த் துண்டு கொடுத்து அடுக்கினோம். வெறும் நீரில் குமிழி சோம்பலாக வந்தது. அக்காளின் காரநீரை ஊற்றியதும் பொங்கி எழுந்தது. மூடியை ரப்பர்ப் பால் பூசி அடைத்தோம். குழாயிலிருந்து வரும் காற்றைப் பழைய டயரின் உள்குழாயில் சேமித்தோம். பேட்டரிக்கு மின்சாரம்? மிதிவண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தில் வாரைப் பூட்டி, டைனமோவைச் சுற்றினோம். சுற்றியவன் நான். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, எங்கும் போகாத மிதிவண்டியை அந்தியாகும்வரை மிதித்தேன்.

சாப்பாட்டுக் கடையில் செய்தி பரவிற்று. “ஏன்டா ரெங்கா, வண்டிக்குத் தண்ணி காட்டுறியாமே? வைக்கோல் போட்டியா?” என்று கேட்டார்கள். “சாணி போட்டா சொல்லி அனுப்புறேன், அள்ளிக்கிட்டுப் போங்க,” என்றார் மச்சான். சிரிப்பு அடங்குமுன்னே எழுந்து வந்துவிட்டார்.

ஒருநாள் பிற்பகல் இயந்திரம் உயிர் பெற்றது. இருமியது, உதறியது, பின்பு மெய்யாகவே ஓடியது. உள்குழாய் சுருங்கும்வரை ஓடி நின்றது. மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பல ஆண்டுகளுக்குப்பின், எனக்கு எட்டிய புத்தகங்களைக் கொண்டு நானே கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்: அந்த வட்டம் ஒருபோதும் சுற்றாது. தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் வலுவைவிட அதை எரித்துப் பெறும் வலு குறைவு. அன்று அந்தக் கார் ஓடியது தண்ணீரில் அல்ல. நான் தின்ற மரவள்ளிக்கிழங்கில்.

கிராணியாரிடம் சொன்னோம். வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி ஒருவரை அழைத்து வருவதாகச் சொன்னார்.

புதிய வண்டி எதுவானாலும் பூசை போடாமல் எடுப்பது எங்கள் வழக்கமன்று. ஆனால் ஊரில் கற்பூரம் இல்லை. அடுத்த வீட்டுச் செட்டி அம்மாள், பல தலைமுறையாக மலாக்காவில் வாழ்ந்து தமிழ் மறந்த குடியைச் சேர்ந்தவர், போருக்கு முன்பிருந்து அரிசிப் பானைக்குள் பொதிந்து வைத்திருந்த துண்டைக் கொண்டுவந்து அக்காள் கையில் வைத்து, எடுத்துக்கொள், சாமிக்குக் காட்டு என்று மலாயில் சொன்னார். அதைவிடப் பெரிய கொடை அந்நாளில் இல்லை.

மச்சான் அதுவரை கொட்டகைக்குள் ஒருவரையும் பீடியோடு விட்டதில்லை. என் தீப்பெட்டியையே பிடுங்கி வைத்திருந்தார். பீடி நெருப்பு. கற்பூரமும் நெருப்பென்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது பூசை. வியாழன் மாலை அக்காள் தட்டை ஏந்தி வந்தபோது மச்சானே முன்மூடியைத் திறந்து பிடித்து, “வண்டி பெட்ரோலத்தான் பாக்கல, கற்பூரமாச்சும் பாக்கட்டும்,” என்றார். இரண்டாம் சுற்று முடியுமுன் சாடி வெடித்தது.

கண்ணாடி கூரையில் பாய்ந்தது. அக்காளின் புருவமும் முன்மயிரும் கருகின. ஒரு காது அன்றோடு கேட்காமற்போயிற்று. வேறு சேதமில்லை என்று நாங்கள் எழுந்து நின்ற வேளையில், சந்திப்பில் காவல் நின்ற சிப்பாய்கள் ஓடி வந்துவிட்டார்கள். பின்னால் அவர்களுடைய அதிகாரியும் ஒரு மொழிபெயர்ப்பாளனும் வந்தார்கள். பேட்டரி, கம்பி, சிதறிய சாடி. குண்டு செய்தீர்களா என்று கேட்டார்கள். எங்களை மண்டியிட வைத்தார்கள்.

“ஆயேர், துவான். ஆயேர் சஹாஜா,” என்றார் மச்சான். தண்ணீர் ஐயா, வெறும் தண்ணீர்.

காரின் பக்கத் தட்டில், சாடிக்கு மேலும் ஊற்றுவதற்காக வடித்து வைத்த காரநீர்ப் போத்தல் உடையாமல் நின்றது. அதிகாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இதுவா என்று கேட்டார். மச்சான் ஆமென்றார். அதிகாரி மூடியைத் திறந்து மச்சானிடம் நீட்டினார். மொழிபெயர்ப்பாளன் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அது தண்ணீரன்று என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்ன சொல்லை மாற்றினால் அது குண்டு. குண்டென்றால் மூவரும் போகவேண்டும். அக்காள் எழ முயன்றாள். துப்பாக்கிக் கட்டையால் அழுத்தினார்கள். நான் வாயைத் திறக்குமுன் மச்சான் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பின்பு தாகம் எடுத்தவர்போல் நிறுத்தாமல் குடித்தார். குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, “ஆயேர், துவான்,” என்று மறுபடி சொன்னார். அவர் தொண்டையிலிருந்து தெளிவாக வந்த கடைசிச் சொல் அதுதான்.

அதிகாரி சிரித்தார். குற்றமில்லை என்று முடிவாயிற்று. பேட்டரியையும் காரையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பட்டறை வேலை தெரியுமென்று கண்டு, பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வேலைக்கு வைத்தார்கள். நான் பிழைத்தது அப்படித்தான்.

மச்சானின் தொண்டை வெந்து சுருங்கியது. ஆசுபத்திரியில் மருந்தில்லை. கஞ்சித் தெளிவு இறங்கியது. பிறகு அதுவும் இறங்கவில்லை. கிராணியார் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “இனிமே இவன யாரும் கேக்க மாட்டாங்க பாக்கியம்,” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சயாமுக்குப் போகும் அடுத்த கூட்டம் புறப்பட்டபோது மச்சான் வீட்டில் இருந்தார், நாங்கள் விரும்பியபடியே. மழை தொடங்குமுன் வீட்டிலேயே இறந்தார். எலும்பின் மேல் தோலாக இருந்த அவரைத் தூக்க நானும் இன்னொருவரும் போதுமாயிருந்தது.

போர் முடிந்து நெடுங்காலம் கழித்து, சயாமில் மாண்டவர்களுக்காகப் பிரார்த்தனை நடத்தினார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்து மலர் தூவினார்கள். அக்காள் வெள்ளைச் சேலை உடுத்தி, முன்வரிசையில், கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்தபின் நடத்தியவரிடம் சென்று, ரெங்கசாமி பேர் வரலியே என்று கேட்டாள். அவர் பணிவானவர். விசாரித்துவிட்டு, “அவரு சயாமுக்கே போகலியே அக்கா,” என்றார். அவள் தூவுவதற்காகக் கொண்டுபோன மலரை முந்தானையிலேயே முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இப்பொழுது அக்காள் இல்லை. கிராணியார் இல்லை, செட்டி அம்மாள் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கடைவீடுகள் எழுந்துவிட்டன. மச்சானைப் புதைத்த இடத்தில் நட்ட மரக்கட்டை உளுத்துப்போய், எந்த மேடு அவருடையது என்று எனக்கே தெரியவில்லை. போரில் இறந்தவர் கணக்கிலும் அவர் இல்லை; சயாமில் இறந்தவர் கணக்கிலும் இல்லை. அவர் தண்ணீர் குடித்து இறந்தவர். அப்படி ஒரு கணக்கை எவரும் வைக்கவில்லை.

ஐயா, அம்மா, போர்க்கால நினைவுகளைச் சேர்த்துவரும் நீங்கள் இதனையும் அவற்றோடு வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.