பம்பளிமாசின் வெள்ளைத் தோல்

என் எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளில் ஒரு வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தது. ரத்தத்தைச் சோதித்ததில் கொழுப்பு ஏறியிருந்தது. தென்காசி டாக்டர் நெய்யை நிறுத்திவிட்டு, தினம் ஒரு பம்பளிமாசுப் பழம் கொடுக்கச் சொன்னார். குற்றாலத்தில் வாங்கி வந்து, வெள்ளைத் தோலும் சவ்வும் கசக்குமே என்று துளி விடாமல் உரித்து, சுளையை மட்டும் கிண்ணத்தில் வைப்பேன். கட்டினவருக்குத் தோலோடு கொடுப்பது எங்கள் பக்கம் மரியாதையில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு அப்படியே இருந்தது.

"வெள்ளைத் தோல என்னம்மா செய்யுத?" என்றார் டாக்டர்.

"மாட்டுக்குப் போடுதேன்" என்றேன், தலையைக் குனிந்தபடி.

"அந்தக் கசப்புலதான் கொழுப்பக் குறைக்கிற சத்தே இருக்கு. ஒங்க மாட்டுக்கு நல்லாக் குறைஞ்சிருக்கும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "ஏட்டி, அழாத. நாளையிலேருந்து வெள்ளத் தோல உரிக்காமக் குடு, நானும் மாடு மாதிரி திங்கேன்" என்றார். முகம் சுளிக்காமல் தின்றார். அடுத்த சாரல் சீசனில் குற்றாலம் ஐந்தருவிக்கு என்னோடு நடந்தே வந்தார்.

கசப்பு காப்பாற்றியதா, நெய்யை விட்டதா, எனக்குத் தெரியாது. படித்தவர்கள் யாராவது விசாரித்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.